அரசு நர்ஸாக இருந்த அம்மாவும், அவர் போன பிறகு நான் அலைந்த அலைச்சலும்

என் அம்மா அரசு மருத்துவமனை நர்ஸ். 1981-ல் வேலைக்குச் சேர்ந்து 2016-ல் ஓய்வு பெற்றவர், 2024-ல் காலமானார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்காரும்போதெல்லாம், அவர் போன பிறகு வங்கி, தாலுகா ஆபீஸ், கருவூலம் என்று நான் ஒருத்தியாக அலைந்ததும் கூடவே வந்துவிடுகிறது. இரண்டையும் பிரித்து எழுத என்னால் முடியவில்லை. அம்மாவின் வாழ்க்கையில் எனக்குத் தெரியாமல் இருந்த பாதியை அந்தக் காகிதங்களில்தான் படித்தேன். அதனால் இது அம்மாவை நினைத்து எழுதியதும்தான், வீட்டில் ஓய்வுபெற்ற நர்ஸோ வேறு அரசு ஊழியரோ இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதும்தான். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஒரே பிள்ளை, வேலை கோயம்புத்தூரில், அப்பா கும்பகோணத்தில், அவருக்கு நடையும் தளர்ந்து ஞாபகமும் குறைந்துவிட்டது. யாரைக் கேட்பது என்றுகூடத் தெரியாமல்தான் ஆரம்பித்தேன்.

முதலில் அந்த இரவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ராத்திரி சாப்பிட்ட பிறகு மேல்வயிறு எரிகிறது, தாடை வலிக்கிறது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். வாயுதான் என்று ஒரு டைஜீனைச் சப்பிவிட்டுப் படுத்துவிட்டார். முப்பத்தைந்து வருடம் வார்டில் நின்றவர், "கேஸ் ட்ரபிள்னு சொல்லிக்கிட்டு வருவாங்க, ஈ.சி.ஜி. எடுத்தா அட்டாக்கா இருக்கும்" என்று எனக்கே பல தடவை சொன்னவர். தெருவில் யாருக்கு நெஞ்சு கரித்தாலும் ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டுத்தான் உட்காருவார். தனக்கு வந்தபோது விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிட்டார். நர்ஸ்கள் நிறையப் பேர் இப்படித்தான் என்று பிறகு அவருடைய தோழிகள் சொன்னார்கள். அடுத்தவர் வலியை உடனே கண்டுபிடிப்பார்கள், தன் வலியென்றால் தள்ளிப்போடுவார்கள், அதுவும் நடுராத்திரியில் பிள்ளையையோ புருஷனையோ எழுப்ப மனசு வராது. சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, மாரடைப்பு நெஞ்சுவலியாகவே வரவேண்டும் என்றில்லை. மேல்வயிறு, தாடை, முதுகு, மூச்சு வாங்குவது, காரணமில்லாத வியர்வை, எப்படியும் வரலாம். 108-க்குப் போன் செய்யுங்கள், ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுங்கள். நம் அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவு ராத்திரி பகலாக இருக்கிறது. 2023-லிருந்து இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அம்மா நன்றாகத்தான் இருக்கிறார், அவருக்குத் தெரியாததா என்று நர்ஸ் வீட்டுப் பிள்ளைகள் இருந்துவிடாதீர்கள். அவர் சொல்லாமல் இருப்பார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

காலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் ஐ.சி.யூ.வில் இருந்தார். அங்கே முதலில் கேட்டது முன்பணம். அம்மாவின் ஓய்வூதியத்தில் மாதாமாதம் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடித்தம் நடந்துகொண்டிருந்தது, அட்டையும் இருந்தது, ஆனால் அந்த மருத்துவமனை அந்தத் திட்டத்தின் பட்டியலில் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பட்டியலில் இருக்கும் இடத்துக்கு மாற்றலாமா என்றால் இந்த நிலையில் நகர்த்தக் கூடாது என்றார்கள். என் சேமிப்பும் ஒரு தோழியிடம் வாங்கியதுமாக இரண்டு லட்சத்துக்கு மேல் போனது. பணம் போனதுகூட ஆறிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா கிடக்கும்போது இந்தப் பக்கம் பில் கவுண்டரில் நின்று அட்டை நம்பரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்த நேரம்தான் எனக்கு ஆறவே இல்லை. அம்மாவோடு இருந்திருக்க வேண்டிய நேரம் அது. ஓய்வூதியர் வீட்டில் இருப்பவர்கள் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் அந்தக் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் எந்த மருத்துவமனைகள் இருக்கின்றன, அவற்றில் எதில் இதயத்துக்குப் பார்க்கிறார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் மேல் ஒட்டிவையுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் அவசரத்தில் தூக்கிக்கொண்டு ஓடப்போவது அநேகமாக அவராகத்தான் இருக்கும். பட்டியலில் இல்லாத இடத்தில் அவசரமாகச் சேர்த்துவிட்டாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், செலவைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை.

ஒரு நர்ஸ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் வீட்டில் கட்டில் விரிப்பின் மூலை எப்போதும் மடித்துச் செருகப்பட்டு, இழுத்தாலும் வராதபடி இருக்கும். அம்மா வெளியே போய்விட்டு வந்தால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் என்னைத் தொடுவார். நைட் டியூட்டி முடிந்து பகலில் தூங்கும்போது நான் முற்றத்தில் சத்தமில்லாமல் விளையாடக் கற்றுக்கொண்டவள். பாட்டி வாசலில் உட்கார்ந்து பால்காரர், கீரைக்காரி எல்லாரையும் கையைக் காட்டி அடக்குவார். கையில் வளையல் போட்டு அம்மாவை நான் பார்த்தது கல்யாண வீடுகளில் மட்டும்தான். டியூட்டிக்குக் கிளம்பும் முன் அப்பாவிடம், வார்டில் டியூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் ஓவர் கொடுப்பது போலவே ஒப்பிப்பார்: சோறு மூடி வைத்திருக்கிறது, பிள்ளைக்கு இருமல் மருந்து எட்டு மணிக்கு ஒரு மூடி கொடுத்தாச்சு, அடுத்தது இரண்டு மணிக்கு, மாவு புளிக்காமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் வெளியே வைக்கவும். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் அப்பா அதை எல்லாம் பவ்யமாகக் கேட்டுக்கொள்வார். அப்படி ஒவ்வொன்றையும் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போகும் மனுஷி, தன்னுடைய காகிதங்களைப் பற்றி மட்டும் எங்களிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு நீலநிறத் துணிப்பையில் எல்லாம் இருக்கும் என்று மட்டும் தெரியும்.

சடங்குகள் முடிந்து உறவினர்கள் கிளம்பிப் போன பிறகு அந்தப் பையைப் பிரித்தேன். ஆனால் அதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் பதிவாகிவிட வேண்டும், தாண்டினால் தாமதக் கட்டணம், அதற்கும் மேல் போனால் மேலதிகாரியின் அனுமதி என்று இழுக்கும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள், அதனால் நாம் அதைப் பற்றி யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டியது பெயரைப் பற்றி. மருத்துவமனையில் ஆதாரைப் பார்த்து எழுதினார்கள். ஆதாரில் அம்மாவின் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். அம்மா நர்சிங் படித்தது, நர்ஸ் கவுன்சிலில் பதிவு செய்தது, வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் கல்யாணத்துக்கு முன்பு, அவருடைய அப்பாவின் இனிஷியலில். சர்வீஸ் முழுக்க அந்த இனிஷியல்தான் ஓடியிருக்கிறது, ஓய்வூதியப் புத்தகத்திலும் அதுதான். அந்த ஒற்றை எழுத்து என்னை மாதக்கணக்கில் அலைய வைத்தது. ஓய்வூதியம் வழங்கும் கருவூலத்தில் இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று சான்று கொண்டுவா என்றார்கள். நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் போட்டுக்கொண்டு போனால் அது போதாது, வருவாய்த் துறையில் வாங்கிவா என்றார்கள். வி.ஏ.ஓ., அங்கிருந்து ஆர்.ஐ., அங்கிருந்து தாசில்தார். ஒவ்வொரு தடவையும் கோயம்புத்தூரிலிருந்து கும்பகோணம் வரவேண்டும், சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டும். தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவர் ஐயாயிரம் கொடுத்தால் ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார், நான் தரவில்லை. உள்ளே ஒரு இளைஞர், நல்ல பிள்ளைதான், "உயிரோட இருக்கும்போதே சரி பண்ணியிருக்கலாமே மேடம்" என்றார். அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதுவிட்டேன்.

ஆகவே, உங்கள் அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கும்போதே ஓய்வூதியப் புத்தகம், ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் நான்கையும் ஒரே மேஜையில் பரப்பி எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். இனிஷியல், பிறந்த தேதி, ஓய்வூதியப் புத்தகத்தில் வாழ்க்கைத் துணையின் பெயர் எப்படி இருக்கிறது என்பது. எங்கள் விஷயத்தில் நல்லவேளையாக ஓய்வூதியப் புத்தகத்தில் அம்மாவுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் பெற வேண்டியவர் என்று அப்பாவின் பெயர் இருந்தது, இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோவும் ஒட்டியிருந்தது. அது இருந்ததால்தான் சென்னை மாநிலக் கணக்காயர் அலுவலகம் வரை போகாமல் கருவூலத்திலேயே முடிந்தது. பெயர் மாற்றத்தை அரசிதழில் போடுவதாக இருந்தாலும் ஆதாரைத் திருத்துவதாக இருந்தாலும் சம்பந்தப்பட்டவர் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணமான பெண்கள், அதிலும் கல்யாணத்துக்கு முன்பே வேலைக்குப் போன தலைமுறைப் பெண்கள், இந்த விஷயத்தில் அநேகமாக எல்லாரும் மாட்டுவார்கள் என்று அந்தக் கருவூலத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவே சொன்னார்.

சரி, அந்த நீலப்பைக்கு வருகிறேன். மேலே இருந்தது சர்வீஸ் ரிஜிஸ்டரின், அதாவது பணிப் பதிவேட்டின் நகல், அம்மா ஓய்வு பெறும்போது ஜெராக்ஸ் எடுத்துக் கட்டி வைத்திருந்தார். நான் தேடியது நாமினி விவரம், ஆனால் வரிசையாகப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். முதல் போஸ்டிங் வேதாரண்யம். அப்புறம் மன்னார்குடி, அப்புறம் கும்பகோணம். 1986-ல் ஒரு வரி, மகப்பேறு விடுப்பு 90 நாள். அது நான் பிறந்ததற்கு. இப்போது தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு ஒரு வருடம் கொடுக்கிறார்கள், அன்றைக்கு அவ்வளவுதான். விடுப்பு முடிந்த மறுநாளே பணியில் சேர்ந்ததாகக் குறித்திருக்கிறது, மூன்று மாதம்கூட ஆகாத என்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டு. பிரசவ வார்டில் ராத்திரி முழுக்க அடுத்தவர் குழந்தைகளைத் துடைத்துச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பால் கட்டியிருக்கும். இதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. கடைசிப் பக்கத்தில் ஈட்டிய விடுப்பு 240 நாள் இருப்பு. ஓய்வு பெறும்போது காசாக்கக்கூடிய உச்சவரம்பே அதுதான். அதற்கு மேல் சேர்ந்ததெல்லாம் வீணாகப் போயிருக்கும். உடம்பு சரியில்லை என்று எடுத்த மருத்துவ விடுப்பு மொத்த சர்வீஸிலும் இரண்டே இடத்தில்தான் இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது. எடுத்திருக்கலாமே அம்மா என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தே கேட்டேன்.

அதற்குக் கீழே, பழுப்பேறிப்போன ஒரு நோட்டு. தஞ்சாவூரில் நர்சிங் மாணவியாக இருந்தபோது பிரசவப் பயிற்சிக்கு எழுதிய கேஸ் புக். அந்தப் படிப்பில் இத்தனை பிரசவம் தன் கையால் பார்த்திருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் எழுதி சிஸ்டர் டியூட்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் தாயின் வயது, எத்தனையாவது பிரசவம், வலி எடுத்த நேரம், குழந்தை பிறந்த நேரம், எடை, நஞ்சு முழுதாக வந்ததா, எவ்வளவு ரத்தப்போக்கு. மணிமணியான கையெழுத்து, நீல மை. ஒரு பக்கத்தில் மட்டும் "அழவில்லை, பிறகு அழுதது" என்று தமிழில் ஓரத்தில் எழுதியிருந்தார், மற்றதெல்லாம் ஆங்கிலம். இருபது இருபத்தொரு வயதுப் பெண், கையில் ஒரு குழந்தை அழாமல் கிடந்து பிறகு அழுதது என்றால் எப்படி இருந்திருக்கும். அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வேறு எவ்வளவோ சொன்னார். அந்தக் காலத்தில் ஒருமுறை போட்டுவிட்டு எறியும் சிரிஞ்ச் எல்லாம் கிடையாது, கண்ணாடி சிரிஞ்சுகளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, ஊசிகளைத் திரும்பத் திரும்ப உபயோகிப்பார்கள். ஊசி முனையைப் பஞ்சில் லேசாக இழுத்துப் பார்ப்பாராம். பஞ்சு இழை மாட்டினால் முனை மடங்கியிருக்கிறது, நோயாளிக்கு வலிக்கும், அதைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். "டாக்டர் அதைப் பார்க்க மாட்டார், பேஷண்டுக்கும் தெரியாது, நமக்குத்தான் தெரியும்" என்பார்.

2004 ஜூலை 16 பற்றி மட்டும் அவர் பேசியதே இல்லை. கும்பகோணம் பள்ளித் தீ விபத்து, கீற்றுக் கூரை பற்றி எரிந்து இறந்துபோன 94 பிள்ளைகள். அம்மா அப்போது கும்பகோணம் அரசு மருத்துவமனையில் இருந்தார். நான் கல்லூரி விடுதியில் டி.வி.யில் பார்த்துவிட்டு பூத்திலிருந்து போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. மறுநாள் வந்து பார்த்தபோது அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து யூனிபாரம் புடவையைத் துவைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே வெளுத்த புடவையைத் திரும்பத் திரும்ப. என்னம்மா என்றேன். "சாப்பிட்டியா" என்று கேட்டார், அவ்வளவுதான். 2011-ல் என் கல்யாணத்தின்போது வாசலில் கீற்றுப் பந்தல் போட ஆள் வந்தார். எதிலும் பிடிவாதம் பிடிக்காத அம்மா அன்றைக்கு வாசலில் குறுக்கே நின்றுவிட்டார். கீற்று வேண்டாம், தகரம் போடுங்கள், இல்லாவிட்டால் பந்தலே வேண்டாம். வெயிலில் தகரப் பந்தல் கொதித்தது, வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஏன் என்று எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்தக் காகித வேலையை அம்மா இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து செய்தால் கணக்கும் சரியாகும், கதையும் கிடைக்கும். சர்வீஸ் ரிஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊராகக் கேளுங்கள். போனில் ரெக்கார்ட் செய்துகொள்ளுங்கள். வேதாரண்யத்தில் எங்கே தங்கியிருந்தாய், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினாய், கூட வேலை பார்த்தவர்கள் இப்போது எங்கே. அந்தக் கடைசிக் கேள்வி உபயோகமானதும்கூட. என்னை இந்த அலைச்சலிலிருந்து கரையேற்றியதே அம்மாவோடு மன்னார்குடியில் வேலை பார்த்த ஒரு பெரியம்மாதான். அவர் ஓய்வுபெற்ற நர்ஸ், கணவரை இழந்தபோது இதே வேலையைத் தானே செய்தவர். துக்கம் விசாரிக்க வந்தவர் நீலப்பையைப் பார்த்துவிட்டு, "இதைக் குடு" என்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதுவரை யாரும் சொல்லாத மூன்று விஷயங்களை அரைமணி நேரத்தில் சொன்னார்.

ஒன்று, கருவூலத்துக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நான் தெரிவிப்பதற்குள் மாதக் கடைசி வந்து முழு ஓய்வூதியமும் அம்மாவின் கணக்கில் ஏறிவிட்டது. இறந்த நாள் வரைக்கும்தான் அது நமக்கு உரியது, மீதியைத் திரும்பப் பிடிப்பார்கள். காரியச் செலவுக்கு என்று ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டு அப்புறம் கஷ்டப்படுகிறவர்கள் நிறைய என்றார். அதே கணக்கில் அம்மா சேர்த்து வைத்த பணமும் இருந்தது, அப்பா பெயர் அதில் இல்லை, நாமினியும் பதிவாகவில்லை. அந்தப் பணத்துக்கு வாரிசுச் சான்றிதழ் வரும் வரை காத்திருந்தோம், அது வரை அப்பாவின் மருந்துக்கும் வீட்டுக்கும் நான்தான் அனுப்பினேன். ஓய்வூதியக் கணக்கைக் கணவன் மனைவி கூட்டுக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். அப்படி மாற்ற வங்கியில் ஒரு படிவம், ஒரு மணி நேரம். இதை இன்றைக்கே செய்யலாம்.

இரண்டாவது, குடும்பப் பாதுகாப்பு நிதி. தமிழக அரசு ஓய்வூதியரிடம் மாதாமாதம் ஒரு சிறு தொகை இதற்குப் பிடிக்கிறார்கள், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 50,000 ரூபாய். கேட்காமல் வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும், நாமினி யார் என்று பார்ப்பார்கள். எனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இறந்த நாள் வரைக்குமான ஓய்வூதிய நிலுவைக்கும் தனி நாமினி உண்டு. அது இருந்தால் வாரிசுச் சான்றிதழ் கேட்டு இழுக்க மாட்டார்கள். இரண்டிலும் அம்மா பாட்டியின் பெயரைப் போட்டிருந்தாரோ என்று பயந்தேன், நிறையப் பேர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு மாற்றாமலே விட்டுவிடுவார்களாம். எங்களுக்கு ஒன்றில் அப்பா பெயர் இருந்தது, இன்னொன்றில் எதுவுமே எழுதியிருக்கவில்லை.

மூன்றாவது, குடும்ப ஓய்வூதியம் எவ்வளவு என்பது. அம்மா 58 வயதில் ஓய்வு பெற்றவர், அப்போது அதுதான் வயது வரம்பு. இறக்கும்போது 66. ஓய்வூதியர் 65 வயதுக்குள் இறந்தால் கொஞ்ச காலம் கூடுதல் விகிதம் உண்டு, அதைத் தாண்டிவிட்டதால் அப்பாவுக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், அதோடு அகவிலைப்படி. அம்மா ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்துப் பணமாக வாங்கியிருந்தார், அதற்கான பிடித்தம் ஓடிக்கொண்டிருந்தது. அது குடும்ப ஓய்வூதியத்தில் தொடராது. தொடருமோ என்று அப்பா ராத்திரியெல்லாம் தூங்காமல் இருந்தார், பெரியம்மா சொன்ன பிறகுதான் நிம்மதியானார். கணவருக்கு இது வருமா, மனைவிக்கு மட்டும்தானே என்று எங்கள் சொந்தக்காரர் ஒருவர் குழப்பிவிட்டதும் உண்டு. கணவருக்கும் வரும். ஒன்று கவனியுங்கள், இதெல்லாம் 1.4.2003-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கு. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுடைய கணக்கு வேறு, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள், அவர்கள் தங்கள் அலுவலகத்தில் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அம்மாவின் கடைசி வருடங்களில் கூட வேலை பார்த்த இளம் நர்ஸ்கள் 2015-ல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள். "நான் வாங்குற பென்ஷன்ல பாதிகூட இல்லாத சம்பளத்துக்கு இந்தப் பிள்ளைங்க என்னைவிட ஜாஸ்தி ஓடுறாங்க" என்று அம்மா ஓய்வு பெற்ற பிறகும் வருத்தப்படுவார். தன் கடிகாரத்தை, டியூட்டியில் நாடி பார்க்க வைத்திருந்ததை, அவர்களில் ஒரு பெண்ணுக்குத்தான் கொடுத்துவிட்டு வந்தார்.

அப்பாவை ஒரு தடவை கருவூலத்துக்கு நேரில் அழைத்துப்போக வேண்டியிருந்தது. கையெழுத்து மாதிரி, இடதுகைப் பெருவிரல் ரேகை, உடம்பில் இரண்டு அடையாளம். மச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு அப்பா, "அவளைத்தான் கேட்கணும்" என்றார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அந்த மனிதருக்கு என் நன்றி. வயதானவரை அழைத்துப் போகிறவர்கள் காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். ஆதார், பான், பாஸ்புக், இறப்புச் சான்றிதழ், ஓய்வூதியப் புத்தகம் எல்லாம் அசலும் இரண்டிரண்டு நகலும், பாஸ்போர்ட் அளவு போட்டோ நாலைந்து, தண்ணீர், பிஸ்கட். முதல் குடும்ப ஓய்வூதியம் நிலுவையோடு சேர்ந்து வந்தது. இனி வருடாவருடம் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நேர்காணல் காட்ட வேண்டும். எந்த மாதம் என்பதை அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாதவர்களுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல்ரேகை வைத்து டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுத்துத் தருகிறார், சிறு கட்டணம்தான். விரல்ரேகை தேய்ந்து பதியாமல் போனால் பதறாதீர்கள், முகத்தை வைத்தும் எடுக்கலாம்.

மருத்துவமனைச் செலவு மட்டும் இன்னும் திரும்ப வரவில்லை. பட்டியலில் இல்லாத இடத்தில் அவசரத்தில் சேர்த்த கேஸ்களைப் பார்க்க ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி, அவசர நிலையில் சேர்க்கப்பட்டார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சான்று, ஒவ்வொரு பில்லும் மருத்துவமனை முத்திரையோடு, இவைதான் முக்கியம். பில்களை அப்போதே முத்திரை போட்டு வாங்கிவிடுங்கள், மாதங்கள் கழித்துப் போனால் அலட்சியமாகப் பேசுகிறார்கள். என் விண்ணப்பத்தைக் கொடுத்த அன்று தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு கேட்டேன், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள், வாங்காமல் நகர மாட்டேன் என்று நின்று வாங்கிக்கொண்டேன். ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், அதைச் சரிசெய்து மறுபடி கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் போய் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும், பெரியம்மாவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.